குட்டையன் நீண்ட கதை

கோம்பையனுடைய மட்டக்குதிரை முதல் சாண் நீண்டது ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, அவன் மனைவி செவனம்மா கோபித்துக்கொண்டு மலையிறங்கித் தாய்வீட்டுக்குப் போன அன்று. பெண்டாட்டி போன வீட்டில் குதிரையை எவன் அளந்து பார்ப்பான்? பனிக்காகக் குதிரைக்குப் போர்த்துகிற கம்பளி அன்று சாயங்காலம் வால் பக்கம் ஒரு சாண் எட்டாமல் போனதைக் கண்டு, துவைத்ததில் சுருங்கித் தொலைத்துவிட்டது என்று கம்பளியைத் திட்டிவிட்டு, சோறு பொங்காமல் படுத்துக்கொண்டான் கோம்பையன். குதிரைக்குப் பெயர் குட்டையன். வைத்தபோது பொருத்தமான பெயராகத்தான் இருந்தது.

எங்கள் தவிட்டுப்பாறைக்குச் சாலை கிடையாது. அடிவாரத்துச் சந்தைக்கு இறங்க மூன்று மணி நேரம், ஏற ஐந்து மணி நேரம், பேசிக்கொண்டே ஏறினால் ஆறு. பீன்ஸும் பூண்டும் காப்பிக்கொட்டையும் பழுத்தால் வெண்ணெயாகக் குழைகிற பட்டர் பழமும் குதிரை முதுகில் இறங்கும், அரிசியும் மண்ணெண்ணெயும் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையும் குதிரை முதுகில் ஏறும், மனிதர்கள் நடப்போம். ஊரில் முப்பது குதிரை இருந்தும் அதில் ஏறி உட்கார்ந்து போகிற ஆள் ஒருவன்தான், தபால் பை சுமக்கிற கோம்பையன். அரசாங்கத்துப் பை நடந்து வரக்கூடாது என்பது அவன் கொள்கை. அந்தப் பையில் பெரும்பாலும் மூன்று கடிதமும் ஒரு விதைக் கம்பெனி நாள்காட்டியும் இருக்கும் என்பது வேறு விஷயம்.

இந்தக் கதை விளங்க வேண்டுமானால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்களிடம் எதையும் மூன்று தடவை கேட்க வேண்டும். காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்போம், இரண்டாம் தடவை கேட்டால் இப்போதுதான் ஆயிற்று என்போம், மூன்றாம் தடவை கேட்டால் உட்கார்ந்து இரண்டு டம்ளர் குடிப்போம். மண்வெட்டி இரவல் கேட்டாலும் அப்படித்தான், பெண் கேட்டாலும் அப்படித்தான். முதல் 'இல்லை' வாசல்படி, இரண்டாம் 'இல்லை' நடை, மூன்றாவதாக வருவதுதான் பதில். ஒரே தடவை கேட்டுவிட்டு எழுந்து போகிறவனை நாங்கள் மரியாதை தெரியாதவன் என்று வைத்திருக்கிறோம். எங்கள் ஊரில் விருந்துக்கு வந்து பட்டினியாகத் திரும்பியவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள்தான்.

செவனம்மா வெளியூர்க்காரி. மலையின் கீழ்ச்சரிவில், எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கீழே இருக்கிற ஓடைக்காட்டில் பிறந்தவள். அங்கே ஒரு தடவை கேட்பார்கள், உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை. வாழ்க்கைப்பட்டு வந்த நாலு வருஷமும் அவள் பூவுக்கு மூன்று தடவை, புடவைக்கு மூன்று தடவை, அம்மாவைப் பார்த்துவிட்டு வர மூன்று தடவை என்று ஊர் வழக்கப்படிதான் கேட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுடைய தங்கைக்கு வளைகாப்பு. விடிவதற்கு முன்பே எழுந்து புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் எலுமிச்சைச்சோறும் கிண்டி, மூன்று தூக்குச்சட்டிகளில் அடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, குதிரையில் நானும் ஏறிக்கொள்கிறேன், நீங்கள் போகிற வழிதானே என்று ஒரு தடவை கேட்டாள்.

கோம்பையன் வழக்கப்படி முதல் 'இல்லை'யைச் சொன்னான். "இல்ல, இது இன்னொரு ஆளு ஏறத் தோதுப்படாது" என்றான். சொல்லிவிட்டு, அவள் இரண்டாம் தடவை கேட்பதற்குள் முடித்துவிடலாம் என்று, அவள் உட்காருவதற்காகவே ஒரு சாக்கை நாலாக மடித்துச் சேணத்துக்குப் பின்னால் கட்டத் தொடங்கினான். முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் ஆள் இல்லை. மூன்று தூக்குச்சட்டியும் தலையில் ஒன்று கையில் இரண்டாக வளைவில் இறங்கிக்கொண்டிருந்தன. "நான் இன்னொரு ஆளு" என்று அவள் ஓடைக்காடு போய்ச் சேர்கிற வரை வழியில் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனாளாம்.

அதன்பிறகு கோம்பையன் காத்திருந்தான். இன்னும் இரண்டு தடவை பாக்கி இருக்கிறது, கேட்க வேண்டியவள் அவள், சொன்னவன் நான், சொன்னவன் போய்க் கேட்கிற வழக்கம் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று காத்திருந்தான். தினமும் காலையில் ஓடைக்காட்டுக்குப் பிரிகிற கிளைப்பாதையில் குதிரையை மெதுவாக்கி, குதிரை கேட்காமலே அதைப் புல் மேயவிட்டு, ஒரு பீடி முடிகிற நேரம் நின்றுவிட்டுப் போனான். தபால் பையை வாங்கியதும் அடிவாரத்திலேயே கவிழ்த்து, செவனம்மாவின் கோணல் எழுத்து எதிலாவது இருக்கிறதா என்று பார்த்தான். அவனுக்கு அவள் மேல் உயிர். அதைச் சொல்லத்தான் அவனுக்கு வாயில் கொழுக்கட்டை.

அவன் காத்திருந்த காலத்தில்தான் நர்சம்மா ஜெபமணிக்கு முழங்கால் வலி வந்தது. எங்கள் ஊருக்கும் ஓடைக்காட்டுக்கும் சேர்த்து ஒரே நர்சம்மா. புதன்கிழமை தோறும் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே ஏறுவார், வியாழக்கிழமை இறங்குவார். ஐப்பசியில் ஒரு நாள் இறங்கும்போது, தம்பி, முட்டி ரொம்பக் குத்துது, பின்னால் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேனே என்று கேட்டார். கோம்பையன் இல்லை என்றான். எங்கள் ஊருக்குப் பத்து வருஷமாக வருகிறவர் ஆகையால் வழக்கம் தெரிந்து இரண்டாம் தடவை கேட்டார், இல்லை என்றான். மூன்றாம் தடவை கேட்டார். மூன்றாம் தடவையும் ஒருவன் இல்லை என்று சொல்வதை எங்கள் ஊர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. அதைக் கேட்ட அதிர்ச்சியில், ஒவ்வொரு 'இல்லை'க்கும் குட்டையன் நடுமுதுகில் ஒரு சாண் நீண்டதை நாங்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

கவனித்தபோதும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீனி நல்ல தீனி என்றார்கள் சிலர். வாலிபக் குதிரை, வளரத்தானே செய்யும் என்றார்கள் சிலர். ஊர்ப் பெரியதனம் விருமன் மட்டும், வளருகிறது மேலே வளராமல் இப்படிக் குறுக்கே வளருவது குடும்பத்துக்கு ஆகுமா என்று சந்தேகப்பட்டார். ஆனால் குதிரை நீண்டதைவிட ஊரை வாட்டிய கேள்வி வேறு. முட்டி வலிக்கிற பொம்பளைக்கு இடம் கொடுக்காத கல்நெஞ்சுக்காரனா நம் கோம்பையன்? கஞ்சன் என்றது கிணற்றடி. குதிரைக்கே கட்டிவைத்த புருஷன் என்றது காப்பிக்களம். உண்மை அவன் மனசுக்குள் இருந்தது, அது இதுதான்: கட்டின பெண்டாட்டிக்கு இல்லை என்று சொன்ன இடத்தை ஊராருக்குத் தூக்கிக் கொடுத்தால், இடம் இருந்தது, எனக்குத்தான் இல்லை என்று அவள் நினைப்பாள். ஒருத்திக்கு இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான், ஆனால் அந்த நியாயத்தில் ஏறி யாரும் மலையிறங்க முடியாது.

நீளுகிற குதிரையைப் பார்க்க ஆசைப்பட்டும் சிலர் கேட்டார்கள், நிஜமாகவே கால் வலித்தும் சிலர் கேட்டார்கள். கல்யாண ஊர்வலத்துக்கு மாப்பிள்ளை உட்காரக் கேட்டார்கள், மூன்று சாண். பழைய வாத்தியார் மாற்றலாகிப் போகும்போது கேட்டார், மூன்று சாண். ஆளுக்கு மூன்று தடவை கேட்பதுதான் மரியாதை ஆகையால் யாரும் ஒன்றோடு நிறுத்தவில்லை. தை பிறந்தபோது குதிரையின் தலை கொட்டகையில் இருந்தது, பின்பாதி கொட்டகையின் மண்சுவரைத் தள்ளிக்கொண்டு பெரியதனம் விருமனின் பூண்டுத் தோட்டத்தில் நின்றது. பின்னால் ஈ கடித்தால் முன்னால் காது ஆடுவதற்குள் ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிடலாம். தலையில் வெயில் அடிக்கிற நேரத்தில் வாலில் தூறல் விழும். குதிரையோ இதையெல்லாம் பொருட்படுத்தாமல் முன்னால் தின்றது, சற்று நேரம் கழித்துப் பின்னால் போட்டது.

போட்டதில்தான் பிரச்சினை வந்தது. குதிரை லத்தி பூண்டுக்கு நல்ல உரம். என் குதிரை போட்டது எனக்கு என்றான் கோம்பையன், என் தோட்டத்தில் விழுந்தது எனக்கு என்றார் விருமன். ஊர் கூடியது. தீர்ப்புச் சொல்ல வேண்டிய பெரியதனமே வழக்கிலும் இருந்ததால், தம்முடைய துண்டை இடது தோளில் போட்டுக்கொண்டு வாதாடினார், வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். வாய் இருக்கிற நிலத்துக்காரன் புல் போட வேண்டும், வால் இருக்கிற நிலத்துக்காரன் லத்தி அள்ள வேண்டும், இதுவே இருவருக்கும் பொதுவான சுமை என்பது தீர்ப்பு. அந்த வருஷம் விருமன் தோட்டத்துப் பூண்டு பல்லுக்குப் பல் பெருவிரல் தடிமன். அதற்குப் பிறகு அவருடைய கொழுந்தியாள், கொழுந்தியாளின் மாமனார், எங்கோ இருந்த பங்காளி என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கோம்பையனிடம் இடம் கேட்டதை நாங்கள் தற்செயல் என்று நம்பத் தயாராக இல்லை.

அடிவாரத்திலிருந்து கால்நடை டாக்டர் ஒரு நாள் மூச்சு வாங்க ஏறி வந்தார். அவருடைய தாளில் உயரத்துக்குக் கட்டம் இருந்தது, நிறத்துக்கு இருந்தது, சுழிகளுக்குக்கூட இருந்தது, நீளத்துக்கு இல்லை. படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசியில் பீன்ஸ் காட்டுக்குள் போய்விட்டார், அப்போதும் தலை வந்தால் வால் வரவில்லை. நல்ல ஆரோக்கியம், இரண்டு குதிரையல்ல, ஒன்றே என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் பெண்கள் அதற்குள் குட்டையனின் முதுகில் துணி உலர்த்தப் பழகியிருந்தார்கள். துணி ஏறலாம், ஆள் ஏறக்கூடாது என்பதில் கோம்பையன் நியாயமாகவே இருந்தான். தபால் பையோடு அவன் முன்னால் உட்கார்ந்து போக, பின்னால் ஊரின் போர்வைகளும் பாவாடைகளும் காற்றில் அடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால், ஏதோ கட்சி ஊர்வலம் போகிறது என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள்.

நர்சம்மா நொண்டிக்கொண்டே ஏறி, நொண்டிக்கொண்டே இறங்கி, இரண்டு ஊருக்கும் சேதி கொண்டுபோனார். குதிரை நீளுகிறது என்று ஓடைக்காட்டில் சொன்னபோது, அந்த ஆளுக்கு நாக்குதான் நீளம் என்று நினைத்திருந்தேன் என்றாளாம் செவனம்மா. யாரையும் ஏற்றுவதில்லை என்று சொன்னபோது கீரை ஆய்ந்தாளாம். ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்தாள் என்று நர்சம்மா சொன்னார்.

பங்குனி மாதம், சந்தைக்கு முதல் நாள், வியாழக்கிழமை. மறுநாள் சந்தைக்காகப் பதினான்கு குதிரைகளில் பீன்ஸும் பழுக்கத் தொடங்கிய பட்டர் பழமும் ஏற்றி நாங்கள் புறப்பட்டோம், முன்னால் கோம்பையன். குட்டையன் அதுவரை முப்பத்துநாலு சாண் நீண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் கோம்பையன் கீழே இறங்கி, பின்னால் ஓடிப்போய் இடுப்பைத் தள்ளிவிட்டு, மறுபடி முன்னால் ஓடிவந்து ஏறிக்கொள்வான், அப்படித் திருப்பித் திருப்பித்தான் அவன் தினமும் தபால் கொண்டுவந்தான். ஆனால் அன்று காலை ஊர் எல்லையில் விருமனின் சம்பந்தி வந்து மூன்று தடவை கேட்டுவிட்டார். முப்பத்தேழு சாண் நீண்ட குதிரை ஆனைமுடக்கில் மாட்டிக்கொண்டது.

ஆனைமுடக்கு என்பது ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பாதாளமுமாக, பாதை முழங்கையை மடித்த மாதிரி திரும்புகிற இடம். குதிரையின் தலையும் முன்னங்காலும் கோம்பையனும் அந்தப் பக்கம், பின்னங்காலும் வாலும் நாங்களும் இந்தப் பக்கம். முன்னே போனால் பாறையில் இடுப்பு இடித்தது, பின்னே வந்தால் பாறையில் தோள் இடித்தது. வேறு பாதை கிடையாது. பீன்ஸ் வெயிலில் சோர ஆரம்பித்தது, பட்டர் பழம் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது.

விருமன் யோசித்துச் சொன்னார். இல்லை என்றால் நீளுகிற குதிரை சரி என்றால் குறுகத்தானே வேண்டும். ஆகவே யாராவது கேளுங்கள், அவன் சரி என்று சொல்லட்டும். முதல் ஆள் பாறையைப் பார்த்துக் கேட்டான். பாறைக்கு அந்தப் பக்கமிருந்து இல்லை என்று குரல் வந்தது. ஒரு தடவையோடு விட முடியுமா, மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, இரண்டாம் தடவை கேட்டான், மூன்றாம் தடவை கேட்டான். அவன் கேட்டது போதாதென்று அடுத்தவன் கேட்டான். பெரியதனம் நானே கேட்கிறேன் என்று துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். ஆறு பேர் கேட்டு முடிந்தபோது, குட்டையனின் பின்பக்கம் பதினான்கு குதிரைகளையும் சுமையோடு மலைமேல் பின்னோக்கித் தள்ளிக்கொண்டிருப்பதைக் கடைசியில் நின்றவன் கவனித்துச் சொன்னான். இன்னும் பத்துப் பேர் இதே மரியாதையோடு கேட்டிருந்தால் ஊருக்கே திரும்பப் போய்ச் சேர்ந்திருப்போம்.

வியாழக்கிழமை ஆகையால் எங்களோடு இறங்கிக்கொண்டிருந்த நர்சம்மா ஜெபமணி தடுப்பூசிப் பெட்டியைக் கீழே வைத்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குத்துகிற முழங்காலை ஊன்றி, ஐம்பத்தைந்து சாண் நீண்ட வயிற்றுக்கு அடியில் தவழ்ந்து அந்தப் பக்கம் போய் எழுந்து நின்றார். கோம்பையன் சேணத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்காதீங்க நர்சம்மா, கேட்டா இல்லைனுதான் சொல்லணும் என்றான்.

"நான் ஒண்ணும் கேக்க வரல தம்பி" என்றார் அவர். "யாருக்காக இப்படி உக்காந்திருக்கே?"

"அவளுக்குக் குடுக்காத எடத்த வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"அவளுக்கு ஏன் குடுக்கல?"

"குடுக்கத்தான் இருந்தேன். அதுக்குள்ள போய்ட்டா."

நர்சம்மா அவனை ஊசி போடுகிறபோது பார்ப்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தார். பிறகு நொண்டிக்கொண்டே ஓடைக்காட்டுப் பக்கம் இறங்கிப் போனார்.

அவர் வருகிற வரை நாங்கள் என்ன செய்வது? வெயில் ஏறிவிட்டது. குட்டையனின் வயிற்றுக்கடியில் நல்ல நிழல் இருந்தது. ஒவ்வொருவராகத் தவழ்ந்து போய், பின்னங்காலிலிருந்து முன்னங்கால் வரை வரிசையாக உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அதனால்தான் பிறகு நடந்ததெல்லாம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. ஒட்டுக்கேட்டோம் என்று சொல்கிறவர்கள் வேறு எங்கே உட்கார்ந்திருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

செவனம்மா உச்சி சாய்ந்த பிறகு வந்தாள், பின்னால் நர்சம்மா. குதிரையின் முகத்துக்கு நேரே நின்று, ஏழு மாதத்தில் அதற்குத் தலை நீளவில்லை என்பதைப் பார்த்து அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். கோம்பையனைப் பார்க்கவில்லை. அவன் அவளைப் பார்க்காமல் வேறெதையும் பார்க்கவில்லை.

"ஏழு மாசமா என்ன செஞ்சீங்க?" என்று குதிரையைப் பார்த்துக் கேட்டாள்.

"காத்துக்கிட்டிருந்தேன். நீ ரெண்டாந்தடவ கேப்பேன்னு."

"நானும்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றாள் செவனம்மா. "நீங்க மொதத் தடவ கேப்பீங்கன்னு."

வயிற்றுக்கடியில் சோறு மெல்லுகிற சத்தம் நின்றுபோயிற்று. நாலு வருஷத்தில் கோம்பையன் அவளை எதுவும் கேட்டதில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. சோறு கேட்பதற்கு முன்பே வந்துவிட்டது, வெந்நீர் கேட்பதற்கு முன்பே வந்துவிட்டது. மூன்று தடவை கேட்கிற எங்கள் வழக்கமெல்லாம் பெரும்பாலும் பெண்கள் கேட்டு நாங்கள் பதில் சொல்கிற வழக்கமாகவே இருந்திருக்கிறது. எங்களில் சிலர் அன்று வீட்டுக்குப் போன பிறகு வழக்கத்துக்கு விரோதமாக நடந்துகொண்டதாகக் கேள்வி.

கோம்பையன் கடிவாளத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். ஒரு ஆணுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பதைக் குதிரையே உணர்ந்த மாதிரி அசையாமல் நின்றது.

"ஏறிக்கிறியா?" என்றான்.

அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதது இல்லை என்று சொன்னதாகாது, குதிரையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது, ஒரு விரல்கூட நீளவில்லை.

"ஏறிக்க, செவனம்மா."

அவள் குதிரையின் பிடரியில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துப் போட்டாள்.

"நீ இல்லாம வீடு வீடாவே இல்ல. வா, ஏறு" என்றான் மூன்றாம் தடவை.

செவனம்மா இப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க ஊர்ல ஒரு தடவ கேட்டாப் போதும். மொதத் தடவையே ஏறத்தான் இருந்தேன்" என்றாள். "மத்த ரெண்டும் கேக்க நல்லா இருந்துச்சு."

சொல்லிவிட்டு, தள்ளி உட்காருங்க என்று அவனைப் பின்னுக்குத் தள்ளி, சேணத்தில் தானே ஏறி உட்கார்ந்து கடிவாளத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். குட்டையனின் வால் பக்கம் ஒரு சாண் குறைந்தது. கோம்பையனுக்கு அதையெல்லாம் பார்க்க நேரமில்லை. ஏழு மாதம் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது போனதும் அவனுக்குத் தாராளம் பிறந்துவிட்டது, அவளுக்கு இடம் கொடுத்தாயிற்று, இனி எவனுக்குக் கொடுத்தால் என்ன. "நர்சம்மா, ஏறுங்க" என்றான். அவர் ஏறி அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தார், மூன்று சாண் குறைந்தது. பிறகு அவன் தன்னிடம் கேட்டவர்களை எல்லாம், வந்தவர் வராதவர் பேதம் இல்லாமல், பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். மாப்பிள்ளை ஏறலாம் என்றான், வாத்தியார் ஏறலாம் என்றான், பெரியதனம் ஏறலாம், அவர் சம்பந்தியும் ஏறலாம், கொழுந்தியாளும் அவள் மாமனாரும் வந்தால் ஏறலாம் என்றான். ஒவ்வொரு பெயருக்கும் எங்கள் தலைக்கு மேலிருந்த நிழல் மும்மூன்று சாணாகக் கழன்று போயிற்று, வெயில் தோளில் விழுந்தது, பின்னங்கால்கள் ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து எங்களைத் தாண்டி முன்னால் போய்ப் பாறையைத் திரும்பிவிட்டன. நர்சம்மாவோடு சேர்த்துப் பதினெட்டுப் பெயரும் சொல்லி முடித்தபோது ஆனைமுடக்குக்கு அப்பால் ஒரு சாதாரண மட்டக்குதிரை நின்றது, அதன் மேல் மூன்று பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பெரியதனம் விருமன் துண்டை இடது தோளில் போட்டுக்கொண்டு புகார் சொன்னார். இடம் இருந்தபோது மனம் இல்லை, மனம் வந்தபோது இடம் இல்லை, இது என்ன நியாயம்? அவரே துண்டை வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு, சுமையை ஓட்டுங்கள், பீன்ஸ் வாடுகிறது என்று தீர்ப்புச் சொன்னார். அவருடைய பூண்டுத் தோட்டத்தை நினைத்து அவர் பெருமூச்சு விட்டதை நாங்கள் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

ஆனால் குட்டையன் நகரவில்லை. நீளத்துக்கு அஞ்சாத குதிரை பாரத்துக்கு அஞ்சிவிட்டது. மூன்று பேரையும் திரும்பிப் பார்த்தது, ஒரு பெருமூச்சு விட்டது, காலை அகட்டி நின்றுகொண்டது. யாராவது ஒருவர் இறங்க வேண்டும். நர்சம்மாவுக்கு முட்டி வலி. செவனம்மாவோ ஏழு மாதம் கழித்து இப்போதுதான் ஏறியிருக்கிறாள், தவிர கடிவாளம் அவள் கையில். எல்லாரும் கோம்பையனைப் பார்த்தோம். வளைவுகளில் ஓடித் தள்ளியதைத் தவிர, குதிரை வாங்கிய நாளிலிருந்து மலையில் ஒரு அடி நடந்தறியாத கோம்பையன், அரசாங்கத்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான்.

குட்டையன் உடனே நடந்தது. இரண்டு பெண்களும் முன்னால் பேசிக்கொண்டு போனார்கள், கோம்பையன் வால் பக்கம் கல்லிலும் வேரிலும் தடுக்கிக்கொண்டு நடந்தான், அவனுக்குப் பின்னால் பதினான்கு குதிரைகளோடு நாங்கள். ஓடைக்காட்டுக் கிளைப்பாதை வருவதற்குள் அவனுடைய செருப்பு வார் அறுந்துவிட்டது. இன்னொரு ஆளாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவன் அந்த அரைமணி நேரத்தில் முழுவதுமாகத் தெரிந்துகொண்டிருப்பான் என்று நாங்கள் நினைக்கிறோம், ஏனென்றால் அவன் வேகமாக நடந்து குதிரையின் பக்கத்தில் போய், செவனம்மாவின் முகத்தைப் பார்த்து, பணிவாக, நானும் ஏறிக்கட்டுமா என்று கேட்டான்.

செவனம்மா கண்ணை நேரே பாதையில் வைத்துக்கொண்டு, இல்லை என்றாள்.

குட்டையன் ஒரு சாண் நீண்டது.

கோம்பையன் அதைப் பார்த்தான். செவனம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததையும் பார்த்தான். அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிப்போய் இரண்டாம் தடவை கேட்டான். இல்லை என்றாள், நர்சம்மாவின் தோள் குலுங்கிற்று, குதிரை இன்னொரு சாண் நீண்டது. அதற்குள் அவர்கள் செவனம்மாவின் துணிமணியை எடுத்துவர ஓடைக்காட்டுப் பாதையில் திரும்பிவிட்டார்கள், நாங்கள் சந்தைப் பாதையில் போக வேண்டியவர்கள். மூன்றாம் தடவை அவன் கேட்டதும் அவள் சொன்னதும் எங்கள் காதுக்கு எட்டவில்லை. மரங்களுக்கு இடையில் குதிரை இன்னும் ஒரு சாண் நீளுவதை மட்டும் பார்த்தோம்.